காங்கேயம் பக்கம் ஒரு கரட்டு மேடு: கால் ஊன்றாமல் சைக்கிளில் ஏற என்ன வழி?

இட்டேரி | ஜூன் 14, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, வயது 46. சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்துவிடுவேன். ஊர் காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்து ஓட்டுகிறேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து மேற்கே கரட்டுக்கு, அதாவது சின்னக் குன்றுக்கு, ஒரு இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகிற தடம்) போகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மண் தடம். இப்போது ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் தார் போட்டிருக்கிறார்கள். பால் வண்டி, ஒன்றிரண்டு மொபெட், ஆடு ஓட்டிப் போகிறவர்கள், அவ்வளவுதான். பள்ளத்துப் பாலத்தில் தொடங்கி மேலே கருப்பராயன் கோயில் வரை ஒரே ஏற்றம். ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனால் இதுவரை ஒரு தடவையும் இறங்காமல் ஏற முடியவில்லை. கடைசி வளைவு திரும்பியதும் இடது பக்கம் ஒரு மொட்டைப் பாறை. எட்டு ஞாயிறு ஏறினேன், எட்டு தடவையும் அந்தப் பாறை பக்கத்தில்தான் கால் ஊன்றினேன்.

அப்பா இதே சைக்கிளில் தூக்குப்போசியை மாட்டிக்கொண்டு மேல்காட்டுக்கு ஏறிப் போவார். பின்னால் கேரியரில் நான் உட்கார்ந்திருந்தால் மட்டும் பாறைக்கு முன்னால் இறக்கிவிடுவார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் சைக்கிளிலேயே அந்த மேட்டை ஏற வேண்டும் என்று ஆசை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கீழ்பவானி | ஜூன் 14, இரவு 10.02

அண்ணா, முதலில் ஒரு கேள்வி. பாலத்தில் இறங்கி வருகிற வேகத்தை வைத்து மேட்டில் ஏறப் பார்க்கிறீர்களா? எல்லோரும் அதைத்தான் செய்வோம். குட்டை மேட்டில் ஏமாந்துபோகிற இடமும் அதுதான். இறக்கத்தில் கிடைத்த வேகம் ஐம்பது அறுபது மீட்டரில் தீர்ந்துவிடும். அதற்குள் மூச்சு ஏறிவிடும், தொடை கல் மாதிரி ஆகிவிடும். மீதி மேடு முழுக்க அந்தக் கடனைச் சுமந்துகொண்டே ஏற வேண்டும்.

பெரிய மலை ஏறுகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று தெரிந்துதான் கிளம்புகிறோம். முதல் வளைவிலேயே யாரும் விரட்டுவதில்லை. குட்டை மேடு என்றால்தான் "ஐந்து நிமிஷம்தானே" என்று பாய்கிறோம். அந்த ஐந்து நிமிஷம் முழுக்க ஒரே அளவில் மிதிக்க வேண்டும். முதல் பாதியில் பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வாக்கியம் நடுவில் உடைகிறது என்றால் வேகம் அதிகம்.

பாலத்தில் ஒரு நொடி நின்றுவிட்டே ஏறிப் பாருங்கள்.

பௌதிகம் | ஜூன் 14, இரவு 10.40

பள்ளி ஆசிரியர். மேட்டின் நீளம், உயரம், உங்கள் எடை, சைக்கிள் எடை, முன்னாலும் பின்னாலும் எத்தனை பல் என்று சொன்னால் கணக்குப் போட்டுத் தருகிறேன். அதே பாறையில் எட்டு தடவை நின்றிருக்கிறீர்கள் என்றால் ஏதோ ஒரு எண் அங்கே தடுக்கிறது.

ரசமட்டம் | ஜூன் 15, காலை 6.15

கட்டட வேலை செய்கிறவன். போனில் காட்டுகிற உயரத்தை நம்பாதீர்கள். அதில் நீளவாக்கில் தூரம் ஓரளவு சரியாக வரும். உயரம் பத்து மீட்டர் முன்னே பின்னே போகும். பெரிய மலைக்கு அது பரவாயில்லை, உங்கள் மேட்டுக்கு ஆகாது.

ஒரு மீட்டர் நீளச் சட்டம், ஒரு ரசமட்டம், ஒரு அளவு டேப் போதும். சட்டத்தை ரோட்டின் போக்கிலேயே வைத்துத் தாழ்ந்த முனையை மட்டம் வரும்வரை தூக்குங்கள். முனைக்கும் தாருக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீத ஏற்றம். ஆறு சென்டிமீட்டர் என்றால் ஆறு சதவீதம். ஒரே இடத்தில் பார்த்தால் பள்ளம் மேடு ஏமாற்றும். இருபது இருபத்தைந்து மீட்டருக்கு ஒரு தடவை பார்த்துச் சராசரி எடுங்கள்.

தூரத்துக்குச் சக்கரமே போதும். ஆரக்கம்பியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சுற்றை எண்ணுங்கள். உங்கள் 28 இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும்.

இட்டேரி | ஜூன் 21, மதியம் 1.30

பையனைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தேன். அவன் எண்ணினான், நான் சட்டம் பிடித்தேன். ஒரு காலை முழுக்கப் போய்விட்டது, ஆனால் அந்தத் தடத்தை இவ்வளவு மெதுவாக நான் பார்த்ததே இல்லை.

மொத்தம் 409 சுற்று, அதாவது 900 மீட்டர். பாலத்திலிருந்து முதல் 300 மீட்டர் சுமார் 4 சதவீதம். அடுத்த 350 மீட்டர் 5. வளைவு திரும்பிப் பாறையிலிருந்து கோயில் வரை 250 மீட்டர், அது 10 சதவீதம்! பார்வைக்கு அவ்வளவு தெரியவில்லை.

நான் 72 கிலோ, சைக்கிள் 22. முன் செயின் வீல் 44 பல், பின்னால் ஃப்ரீவீல் 18. கீழ்பவானி சொன்னபடி பாலத்தில் ஒரு நொடி நின்றுவிட்டு ஏறினேன். பாறைக்கு வரும்போது மூச்சு நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கே பெடல் கீழே போகவே இல்லை. கால் ஊன்றிவிட்டேன்.

பௌதிகம் | ஜூன் 21, இரவு 8.05

அருமையான அளவு. கணக்கைப் பாருங்கள்.

மொத்த உயரம் 12 + 17.5 + 25 = 54.5 மீட்டர். 94 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க சுமார் 50 கிலோஜூல் வேண்டும். உடல் அதைப் போல நான்கு மடங்கு எரிக்கும். அப்படியும் 50 கலோரியைத் தொடாது, ஒரு இட்லிக்குள் அடங்கிவிடும். ஆக உங்களிடம் சத்து குறைவு என்று எண்ண வேண்டாம்.

தடை பல் சக்கரத்தில் இருக்கிறது. 44க்கு 18 என்றால் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 5.4 மீட்டர் போகும். பத்து சதவீத மேட்டில் மணிக்கு 7 கிலோமீட்டரில் ஏறினால் கால் நிமிடத்துக்கு 22 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்துக்கு வேண்டிய திறன் 190 வாட். அதை இவ்வளவு மெதுவான சுற்றில் கொடுக்க, பெடல் மேல் சராசரியாக 50 கிலோ அழுத்தம் வேண்டும். கிராங்க் படுக்கையாக இருக்கும் நொடியில் அது ஏறக்குறைய 79 கிலோ. நீங்கள் 72 கிலோ. முழு எடையோடு பெடல் மேல் ஏறி நின்றாலும் போதாது. ஹேண்டில்பாரைக் கையால் மேலே இழுத்துத்தான் மீதியைக் கொடுக்க முடியும். அப்பா அப்படித்தான் ஏறியிருப்பார்.

எங்கள் தாத்தா கவலை ஓட்டுவதை, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதை, சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மாடு இறக்கத்தில் இறங்கும்போது அவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்; தண்ணீர்ச் சாலைத் தூக்க அவர் எடையும் சேர்ந்து இழுக்கும். நின்று மிதிப்பது அதே வேலைதான்.

பின்னால் 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர். உச்ச அழுத்தம் 64 கிலோவாகக் குறையும். உங்கள் எடைக்குள் வந்துவிடுகிறது.

வேகத்தடை | ஜூன் 21, இரவு 8.50

இவ்வளவு கணக்கு எதற்கு? கியர் சைக்கிள் வாங்குங்கள். முன்னால் 28, பின்னால் 28 பல் கிடைக்கும். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்தான். உட்கார்ந்தபடியே ஏறலாம். முட்டிக்கும் நல்லது. 46 வயதில் 22 கிலோ இரும்பை மிதித்து முட்டியைக் கெடுத்துக்கொள்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு ஒரு முட்டி அப்படித்தான் போனது.

இட்டேரி | ஜூன் 21, இரவு 9.15

சொல்வது புரிகிறது அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேறு சைக்கிளில் ஏறினால் அது வேறு மேடு. ஃப்ரீவீல் மாற்றிப் பார்க்கிறேன்.

நொய்யல்கரை | ஜூன் 22, காலை 5.50

நான் செவிலியர். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் பழகினேன், இன்றும் காலையில் ஓட்டுகிறேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் இந்த மாதிரி முக்கி ஏறும் வேலையைத் தொடங்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு ஈசிஜி பார்த்துவிடுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலை கிறுகிறுப்பு வந்தால் அந்த இடத்திலேயே இறங்கி உட்காருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "இன்னும் இருபது அடிதானே" என்று மிதிக்கக் கூடாது. இதை நான் கெஞ்சியே சொல்கிறேன்.

அடுத்தது சீட் உயரம். நம் ஊரில் எல்லோரும் சீட்டைத் தாழ்த்தி வைத்து முட்டி மடங்கியே ஓட்டுகிறோம். குதிகாலைப் பெடல் மேல் வைத்தால் கீழ்நிலையில் கால் நேராக நீள வேண்டும். முட்டி வலி பாதி அதிலேயே போகும்.

கடைசியாக, பாறை பக்கம் இறங்கித் தள்ளுவதில் ஒரு குறையும் இல்லை. பெண்கள் நாங்கள் பின்னால் குழந்தை, முன்னால் கூடையோடு எத்தனையோ மேடு தள்ளி ஏறியிருக்கிறோம். உங்கள் ஆசையைக் குறைத்துச் சொல்லவில்லை, நீங்கள் ஏற வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

வண்டிச்சத்தம் | ஜூன் 23, இரவு 7.30

எங்கப்பா பார வண்டி ஓட்டியவர். மேட்டில் மாட்டை நேராக விடமாட்டார். தடத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் குறுக்காக ஏற்றுவார். தூரம் கூடும், ஏற்றம் குறையும். நின்றால் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார். சைக்கிளுக்கும் அதே வித்தைதான்: பாறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறுங்கள்.

சென்னிமலையில் அபிஷேகத் தண்ணீரைக் காளைதான் படி வழியாகச் சுமந்து ஏறுகிறது. 1984 பிப்ரவரி 12இல் இரட்டை மாட்டு வண்டியே 1320 படியும் ஏறிப்போனது என்று எங்கள் பக்கம் இன்றும் சொல்லிச் சொல்லி மாளாது. தண்ணீர் சுமக்கும் காளையின் நடையைப் பாருங்கள். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் ஒரே நடை.

கீழ்பவானி | ஜூன் 23, இரவு 8.10

காளை நடை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. வளைந்து ஏறுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒரு வண்டி அகலத் தார், மேலே வளைவு, மேட்டு உச்சியில் எதிரே வருவது தெரியாது. பால் வண்டி காலி கேனோடு இறக்கத்தில் வரும்போது நீங்கள் குறுக்கே இருந்தால் என்ன ஆகும்? நானே ஒரு தடவை மயிரிழையில் தப்பினேன். மாட்டு வண்டிக்கு மணிச் சத்தம் இருந்தது, தடத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

வண்டிச்சத்தம் | ஜூன் 23, இரவு 8.25

நியாயம்தான். அது மண் தடத்துக் காலத்து வித்தை. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இட்டேரி | ஜூலை 12, காலை 11.40

ஈசிஜி எடுத்தேன், நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சீட்டை இரண்டு விரல் உயர்த்தினேன். ஃப்ரீவீல் 22 பல் திருப்பூரில் மூன்றாவது கடையில் கிடைத்தது. செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. செயின் கவர் உரசியதால் கொஞ்சம் வளைத்து விட்டார்கள்.

வளைவு வரைக்கும் சொர்க்கம் மாதிரி இருந்தது, பேசிக்கொண்டே ஏறலாம். வளைவு திரும்பியதும் பாறை. மறுபடியும் அங்கேயே நின்றுவிட்டது.

பௌதிகம் ஐயா, கணக்கு எங்கே தப்பியது? எனக்கு மனசு விட்டுப்போகிறது.

கொறங்காடு | ஜூலை 12, மதியம் 2.20

இதுவரை படித்துக்கொண்டே வந்தேன், எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வளைவு வரைக்கும் தடத்தின் இரண்டு பக்கமும் என்ன வேலி? பாறைக்கு மேலே என்ன வேலி?

இட்டேரி | ஜூலை 12, மதியம் 2.45

வளைவு வரைக்கும் இரண்டு பக்கமும் கிளுவைச் செடி வேலி. ஆள் உயரத்துக்கு மேல், அடர்த்தியாக இருக்கும். பாறையிலிருந்து தெற்குப் பக்கக் காடு ஆறேழு வருடத்துக்கு முன் கைமாறியது. வாங்கியவர்கள் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி கட்டினார்கள். வெள்வேல மரமும் நாலைந்து போனது.

ஏன் கேட்கிறீர்கள்?

கொறங்காடு | ஜூலை 12, மதியம் 3.30

உங்களை நிறுத்துவது காற்று.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் காற்று வருகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் அளவு ஒரே திறப்பு. தென்மேற்குக் காற்று மொத்தமும் அதில் புகுந்து நம் மேல் வீசும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளை நட்டது அதற்காகத்தான். நீங்கள் மேற்கே பார்த்து ஏறுகிறீர்கள். கீழே இட்டேரி இரண்டு வேலிக்கு நடுவில் வாய்க்கால் மாதிரி அமுங்கிக் கிடக்கிறது, காற்று தலைக்கு மேலே போய்விடுகிறது. வளைவு திரும்பினால் வேலி இல்லை. நேரே நெஞ்சில் அடிக்கும்.

எங்களுக்குக் கொறங்காடு இருக்கிறது. கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே மாடும் செம்மறியும் மேய்கின்றன. கிளுவை மாட்டைத் தடுக்க மட்டும் வைத்ததல்ல. ஆடி மாசத்தில் வேலி ஓரம் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், பிறகு எழுந்து நின்று பாருங்கள். ஏன் மாடுகள் எல்லாம் மேற்கு வேலியை ஒட்டியே படுத்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். அந்த வேலியைப் பிடுங்கி முள்கம்பி கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. போட்ட வேலி அரை நாளில் போய்விடும். திரும்ப அந்த அடர்த்தி வர எத்தனை வருடம்!

பௌதிகம் | ஜூலை 12, இரவு 7.15

கொறங்காடு சொன்னதை நான் விட்டுவிட்டேன், என் தவறு. காற்றில்லாமல் 7 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்றுத் தடை கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை, இரண்டு மூன்று வாட். அதனால் சேர்க்கவில்லை.

எதிர்க்காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வையுங்கள். உடம்பில் மோதுவது 32 கிலோமீட்டர் காற்று. தடை வேகத்தின் இருமடிப்படி கூடும். நிமிர்ந்து உட்காரும் சைக்கிளில் அது மட்டுமே 50 வாட்டுக்கு மேல். 10 சதவீத மேடு 13 சதவீத மேடு மாதிரி ஆகிவிடும். உச்ச அழுத்தம் 64இலிருந்து 82 கிலோவுக்குத் தாவுகிறது. மறுபடியும் உங்கள் எடையைத் தாண்டிவிட்டது. பாறையில் ஏன் நின்றது என்பது இப்போது சரியாகப் பொருந்துகிறது.

அப்பா ஏறிய காலத்தில் அங்கே கிளுவை இருந்தது.

இட்டேரி | ஜூலை 12, இரவு 7.40

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன்.

நொய்யல்கரை | ஜூலை 13, காலை 5.40

எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள்? இதுவரை நீங்கள் எழுதிய நேரங்களைப் பார்த்தால் ஒன்பது பத்துக்கு என்று தோன்றுகிறது. அப்போது வெயில் ஏறக் காற்றும் ஏறும். கோழி கூப்பிடும் நேரத்தில் போங்கள். ஆடியிலும் விடிகாலையில் காற்று தணிந்துதான் இருக்கும். நான் அந்த நேரத்தில்தான் கிளம்புவேன். லைட் அவசியம், மயில் திடீரென்று குறுக்கே பறக்கும், ராத்திரிச் சூட்டுக்குத் தார் மேல் பாம்பு படுத்திருக்கும். கையில் ஒரு டியூபும் வைத்துக்கொள்ளுங்கள், வெள்வேல முள் டயரைத் தைத்துவிடும்.

வேகத்தடை | ஜூலை 13, இரவு 9.00

கியர் சைக்கிள் வாங்கச் சொன்னவன் நான். அந்தச் சைக்கிளிலேயே ஏறுங்கள். பாறைக்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடாதீர்கள். வளைவு முடியும்வரை உட்கார்ந்தே மிதியுங்கள், தொடை மிச்சமாகும். நின்ற பிறகு சைக்கிளை இடதும் வலதுமாக லேசாகச் சாய்த்து, மிதிக்கிற காலின் பக்கம் ஹேண்டிலை இழுங்கள்.

இட்டேரி | ஆகஸ்ட் 4, இரவு 8.30

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகாமல் ஒரு நாள் கூட இருந்தேன். இன்று காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன்.

கிளுவை இலை அசையவில்லை. பாலத்தில் நின்றேன், ஒரு காலை ஊன்றி மூச்சு விட்டேன், ஏறினேன். முதல் 300 மீட்டரில் பையனோடு பேசிக்கொண்டே வந்தேன். அவன் தன் சைக்கிளில் பின்னால். நடுவில் பேச்சை நிறுத்திக்கொண்டேன். வளைவு வரை உட்கார்ந்தே. பாறை வந்ததும் எழுந்து நின்றேன். பெடல் இறங்கியது. இன்னொன்று இறங்கியது. காற்று கொஞ்சம் இருந்தது, ஆனால் நெஞ்சில் அடிக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் சைக்கிள் நின்றேவிட்ட மாதிரி இருந்தது. ஹேண்டிலை இழுத்தேன், அசைந்து கொடுத்தது. பையன் பின்னாலிருந்து "அப்பா, நிக்காத, நிக்காத" என்று கத்திக்கொண்டே வந்தான்.

கோயில் வேப்பமரத்தடியில்தான் கால் ஊன்றினேன். கொஞ்ச நேரம் யாரோடும் பேச முடியவில்லை. கருப்பராயனைக் கும்பிட்டுவிட்டு அப்பாவின் மேல்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழ்பவானி | ஆகஸ்ட் 4, இரவு 8.41

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன் அண்ணா. இறங்கும்போது ஜாக்கிரதை. கம்பி பிரேக், இரும்பு ரிம். ஈரமாக இருந்தால் பிடிக்கவே பிடிக்காது. வேகம் ஏறும் முன்னாலேயே பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்குங்கள். ரப்பர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வண்டிச்சத்தம் | ஆகஸ்ட் 4, இரவு 8.55

ரொம்பச் சந்தோஷம்ங்க. பையனுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

இட்டேரி | ஆகஸ்ட் 4, இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. பிரேக் ரப்பர் இந்த வாரமே மாற்றுகிறேன். கொறங்காடு அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தெற்குக் காட்டுக்காரரிடம் மாலையில் போய்ப் பேசினேன். முள்கம்பிக்கு உள்பக்கம் கிளுவை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், செலவும் வேலையும் நான் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். 250 மீட்டர். எப்போது நடுவது, எவ்வளவு இடைவெளி?

கொறங்காடு | ஆகஸ்ட் 4, இரவு 9.50

இப்போது வேண்டாம், காற்றில் காய்ந்துவிடும். ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால் நடுங்கள். கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாத போத்தாக (நடுவதற்கு வெட்டிய கிளை) பாருங்கள், ஆள் இடுப்பு உயரம். வெட்டியதும் இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வையுங்கள். நாங்கள் ஒரு அடிக்கு ஒன்று நடுவோம், பிடிக்காமல் போவதும் இருக்கும் என்பதால். 250 மீட்டருக்கு எண்ணூறுக்கு மேல் வேண்டும். எங்கள் வேலியை அந்தச் சமயம்தான் கழிப்போம்; வண்டி கொண்டு வாருங்கள், வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.